மறு: மழையில்லாத கரையில் ‘அமில மழை’ – சொல் கேட்பு

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

புகையிலிருந்தும் யூரியா போட்ட வயலிலிருந்தும் பறந்து, மழையில்லாமலும் இறங்கி மண்ணைப் புளிக்க வைப்பதற்கு ‘அமில மழை’ என்ற சொல் போதவில்லை, வேறு என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதற்கு இவ்வளவு மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். தனித்தனியாக எழுதினால் பேச்சு சிதறிவிடும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் ‘இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு’ என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டக் கரையில், உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆடி மாதம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கரும்பலகையில் ‘அமில மழை’ என்று எழுதி, ஆலைப் புகை, வண்டிப் புகை, மேகம், மழை என்று படம் வரைந்து முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, “டீச்சர், நம்ம ஊர்லதான் மழையே இல்லையே. அப்ப நமக்கு இது இல்லதானே?” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. பலகையில் நான் எழுதிய சொல் அவளை நேராக அந்த முடிவுக்குக் கொண்டுபோயிருந்தது.

பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குமாகச் சேர்த்து ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

> அமில மழை வேர்விட்ட சொல். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் பிடுங்கிவிட்டு எதை நடப்போகிறீர்கள்? (தொண்டி ஐயா)

ஐயா, நான் பிடுங்கச் சொல்லவில்லை. அமில மழை இருக்கட்டும். மழைக்கு மட்டும் இருக்கட்டும். சுத்தமான காற்றில் பெய்யும் மழையே கொஞ்சம் புளிப்புதான். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பி.எச். அளவு (புளிப்பைச் சொல்லும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 5.6 இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் அமில மழை என்கிறோம். ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும். இதற்கெல்லாம் அந்தச் சொல் போதும்.

நான் பெயர் தேடுவது அதைவிடப் பெரிய ஒன்றுக்கு. புகையிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மழைக்காகக் காத்திருப்பதில்லை. வாயுவாகவே வந்து இலையிலும் மண்ணிலும் தகரக் கூரையிலும் ஒட்டிக்கொள்ளும். நுண்தூசியாக மாறி இறங்கும். பனியில் கரையும். மழையும் அது இறங்கும் வழிகளில் ஒன்று. நம் கரைக்கு அது முதன்மையான வழியா என்பதே எனக்குச் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன்.

நமக்குத் தென்மேற்கில் இருக்கிறது தூத்துக்குடி. அங்கே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அனல்மின் நிலையம். முதல் அலகு ஓடத் தொடங்கியது 1979-இல். நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்தால் எங்கும் ஒன்றுதான், கந்தக டை ஆக்சைடு. அந்தத் திசையிலிருந்து காற்று எப்போது மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி வழியாக மண்டபம் பக்கம் வரும்? கச்சான் காலத்தில். ஆனி, ஆடி, ஆவணி. அப்போது நமக்கு மழை உண்டா? ஏதோ ஒரு கோடைத்தூறல் போல வந்தால் உண்டு. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வாடை அடிக்கும்; காற்று வங்கக் கடல் வழியாக, அந்தப் பக்கத்துச் சுமையைத் தூக்கிக்கொண்டு வரும். ஆக, தூத்துக்குடிப் பக்கத்துக் காற்று வரும் மாதங்களில் மழை இல்லை. மழை வரும் மாதங்களில் அந்தக் காற்று இல்லை. மழைநீரை மட்டும் புட்டியில் பிடித்து அளந்துவிட்டு, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று ஒருவர் எழுதிவிட முடியும். எழுதியதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

இப்படி ஒருவர் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு. வந்திருந்தவர், “உங்கள் மாவட்டத்தில் மழை புளிக்கவில்லை, இந்தப் பாடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுங்கள்” என்றார். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் அதற்குக் காரணம். இந்தியாவில் பல இடங்களில் மழை அவ்வளவாகப் புளிப்பதில்லை. காற்றில் பறக்கும் மண்தூசியில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அமிலத்தை அது முறித்துவிடுகிறது. அது மட்டுமில்லை, காற்றில் கலந்திருக்கும் அம்மோனியாவும் முறிக்கிறது. அந்த அம்மோனியாவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

> விவசாயத்தை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? யூரியா காரப் பக்கம். அமிலத்தை அது குறைக்கத்தானே செய்யும்? (சாயல்குடி தம்பி)

தம்பி, நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அண்ணன் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறார். மேலுரம் வைக்கும் நாளில் கூடப் போயிருக்கிறேன். வயலில் தண்ணீர் வடிந்து, மண் ஈரமாக மட்டும் இருந்தது. யூரியாவை ஓலைப்பெட்டியில் எடுத்துக் கைவீச்சாக விசிறிக்கொண்டே போனார். மறுநாள் நல்ல வெயில், காற்றும் உண்டு. மத்தியானம் வரப்பில் குனிந்து களை பார்த்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது, கண் கரித்தது. மாட்டுத் தொழுவத்தில் விடிகாலையில் வருமே, அதே நெடி. மூட்டைக்கு 45 கிலோ. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன், அதாவது இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தழைச்சத்து. அதில் ஒரு பங்கு அந்த மத்தியானம் பயிருக்குப் போகாமல் என் மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. யூரியாவை மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி உடைத்து அம்மோனியாவாக்குகிறது. மண் காரமாக இருந்தால், வெயிலும் காற்றும் சேர்ந்தால், இன்னும் அதிகம் பறக்கும். நம் பக்கம் களரும் சுண்ணாம்பு மண்ணும்தானே. பறப்பதற்கு இதைவிட வசதியான மண் வேண்டாம்.

சரி, பறந்த அம்மோனியா என்ன செய்கிறது? காற்றில் கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம் எது கிடைத்தாலும் அதோடு கூடி உப்பாகிறது: அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட். அதுவரை நீ சொல்வது சரி, அமிலம் முறிந்துவிட்டது. மழையில் அளந்தால் பி.எச். நல்லபடியாக இருக்கும். வாயுவாக இருந்தால் அம்மோனியா பெரும்பாலும் பக்கத்திலேயே இறங்கிவிடும். உப்புத்தூசியாக மாறிவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நம் கண்மாய் வயலில் பறந்தது நமக்கு மேற்கேயுள்ள மலைக்காட்டில் போய் இறங்க வழி உண்டு.

மண்ணில் இறங்கிய பிறகுதான் கதை மாறுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அப்படி ஓர் அம்மோனியம் மாறும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியே வருகின்றன. அமிலம் என்பதே அந்த ஹைட்ரஜன் அயனிதான். வானத்தில் ஒன்றை வாங்கிக்கொண்ட அம்மோனியா, மண்ணில் இரண்டாகக் கொடுக்கிறது. நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொண்டால் கொஞ்சம் ஈடாகும். மழைநீரோடு கீழே வடிந்து போய்விட்டால், புளிப்பு மண்ணில் தங்கிவிடும்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று திணறிக்கொண்டிருந்த ஓர் இரவு, வீட்டில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரிலிருந்து வழித்து எடுத்த மாவைத் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பாகக்கூட இருக்கும், புளிப்பே கிடையாது. உப்புப் போட்டுக் கையால் கலக்கி மூடி வைத்தால், காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், மூக்கில் புளிப்பு வாசம் அடிக்கும். ஊற்றும்போது புளிக்காதது, இரவெல்லாம் நுண்ணுயிர் வேலை செய்து புளித்திருக்கிறது. அம்மோனியமும் அதே மாதிரிதான். நுண்ணுயிர் வேறு, சரக்கு வேறு, நடப்பது ஒன்று: இறங்கும்போது புளிப்பில்லை, இறங்கிய இடத்தில் புளிக்கிறது. மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். விளக்கவே தேவைப்படவில்லை.

அப்புறம், வேம்பு பூசிய யூரியா இதைத் தடுக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். 2015-லிருந்து நம் நாட்டில் வயலுக்கு விற்கும் சாதாரண யூரியாவெல்லாம் வேம்பு பூசித்தான் வருகிறது. அந்தப் பூச்சு, மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் வேகத்தைக் குறைக்கும். முதல் நாள் அம்மோனியாவாகப் பறப்பதை நிறுத்துவது அதன் வேலையில்லை. மண்ணுக்குள் போகும்படி வைப்பதும், வைத்த பிறகு தண்ணீர் விடுவதும்தான் அதற்கு வழி.

அதனால் ‘அமில’ என்ற முன்பாதியும் எனக்குப் போதவில்லை, ‘மழை’ என்ற பின்பாதியும் போதவில்லை. விழுவது மழையாக இருக்க வேண்டியதில்லை. விழும்போது அமிலமாகவும் இருக்க வேண்டியதில்லை. விழுந்த இடத்தை அமிலமாக்குவது எதுவோ அதற்குத்தான் எனக்குப் பெயர் வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ‘அமில மழை’ என்ற சொல்லை 1872-இல் பயன்படுத்தியவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், மான்செஸ்டரில் இருந்த வேதியியலாளர். அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1852-இல், அவர் ஒன்றைக் கவனித்திருக்கிறார்: நகரத்துக்குத் தொலைவில் வயல்வெளிக் காற்றில் அம்மோனியம் கார்பனேட், நகரத்தின் ஓரத்தில் அம்மோனியம் சல்பேட், நகரத்துக்கு உள்ளே கந்தக அமிலம். வயலும் ஆலையும் நடுவில் சந்தித்துக்கொள்வதை அவர் அன்றே பார்த்துவிட்டார். ஐரோப்பிய நாடுகளின் உடன்படிக்கைகளிலும் இந்த நகர்வு தெரிகிறது. 1979-இல் ஜெனீவாவில், எல்லை தாண்டும் காற்று மாசுக்காக ஓர் ஒப்பந்தம். 1985-இல் ஹெல்சிங்கியில் கந்தகத்துக்கு, 1988-இல் சோபியாவில் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு. 1999-இல் கோத்தன்பர்க்கில் வந்தபோதுதான் அம்மோனியாவும் பட்டியலில் ஏறியது. அந்தக் கடைசி நெறிமுறையின் தலைப்பில் மழை இல்லை. அமிலமாதல் என்றுதான் இருக்கிறது. நாம் மட்டும் 1872-இன் சொல்லிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

> அமிலம் வடசொல் வழி வந்தது. ‘காடி’ இருக்கிறதே. காடி மழை, காடிப் படிவு. (சாயல்குடி தம்பி)

காடி எனக்குப் பிடித்த சொல். என் சித்தப்பா முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர். வேலிக்கருவைக் கட்டைகளை நெருக்கி அடுக்கி, செத்தை போட்டு, மேலே ஈரமண் பூசி, காற்று போக ஓட்டை விட்டுத் தீயை உள்ளே விடுவார். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை வரும். அது மெலிந்து நீலமானால் கரி ஆகிவிட்டது என்று ஓட்டையை அடைப்பார். அந்த வெள்ளைப் புகைக்கு எதிரே நின்றால் தொண்டையில் ஒரு புளிப்பு ஏறும். கற்பனையில்லை அது, மரம் காற்றில்லாமல் வெந்தால் அசெட்டிக் அமிலம் ஆவியாகி வெளியே வரும். காடி என்று வீட்டில் சொல்கிறோமே, அதே பொருள். இப்படிப்பட்ட கரிம அமிலங்களுக்கும் மழையைப் புளிக்க வைப்பதில் பங்கு உண்டு. கரிமூட்டப் புகையைப் பற்றி எழுதும் பக்கத்தில் ‘காடி’ என்றுதான் எழுதப் போகிறேன், அங்கே அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆனால் கந்தக அமிலத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் பிள்ளைகள் ‘அமிலம்’ என்று படித்துவிட்டார்கள். பெரியவர்கள் ‘ஆசிட்’ என்கிறார்கள், இன்னும் மூத்தவர்கள் ‘திராவகம்’. இந்த மூன்றுக்கும் நடுவில் நான்காவது ஒன்றைக் கையேட்டில் வைத்தால், அவர்கள் சொல்லோடு மல்லுக்கட்டிவிட்டுப் பொருளை விட்டுவிடுவார்கள். அமிலம் இருக்கட்டும் தம்பி.

பின்பாதிக்கு வந்தவை: படிவு, பொழிவு, வீழ்படிவு, இறங்கல். வீழ்படிவு வேண்டாம்; சோதனைக்குழாயில் அடியில் தங்குவதற்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. பொழிவு என்றால் மறுபடி மழைதான். ‘இறங்கல்’ சொன்ன கீழக்கரை அக்காவுக்கு நன்றி. ‘பனி இறங்குது’ என்றுதானே சொல்கிறோம். வாயுவுக்கும் தூசிக்கும் மழைக்கும் பொதுவாக வருகிற வினை. ஒரு நாள் முழுக்க அதையே வைத்து எழுதிப் பார்த்தேன். ‘ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ இறங்கல்’ என்று எழுதும்போது மட்டும் தடுக்கியது. அளவு சொல்ல ஒரு பெயர்ச்சொல் வேண்டும், ‘படிவு’ அதற்கு வாகாக இருக்கிறது. படிவுப் பாறையோடு குழம்பாதா என்றால், இடத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆகவே வினைக்கு இறங்கு, பெயருக்குப் படிவு.

எனக்கு மிகவும் இடறியது வேறு இரண்டு சொற்கள். இந்தத் துறையில் படிவை ஈரம், உலர் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். மழையோடு வந்தால் ஈரப்படிவு, வாயுவாகவோ தூசியாகவோ வந்தால் உலர்படிவு. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மாசி மாத விடிகாலையில் அதன் கூரையைப் பாருங்கள். பள்ளம் பள்ளமாக வரியோடிய தகரம் முழுக்கப் பனித்துளி. ஒவ்வொரு துளியும் கீழே நழுவி இன்னொன்றோடு சேர்ந்து, வரியில் ஓடி, விளிம்பில் சொட்டுகிறது. சொட்டும் இடத்தில் தரையில் துருவின் செம்மஞ்சள் கோடு. விரலால் தடவினால் விரல் கறுக்கும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கந்தக டை ஆக்சைடு வாயு அந்தத் துளியில் நன்றாகக் கரையும். உப்பும் அதுவும் சேர்ந்து துத்தநாகப் பூச்சைத் தின்றுவிட்டுத் தகரத்தைத் தொடும். இப்போது சொல்லுங்கள், தகரம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது அதில் வாயு போய் இறங்குவதை ‘உலர்படிவு’ என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன்? கணக்கில் அது உலர்படிவில்தான் சேரும். சொல் கண்ணெதிரே பொய்யாகிறது.

அதனால் நனைந்ததா காய்ந்ததா என்று பார்க்காமல், எந்த வழியில் வந்தது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். மழைவழிப் படிவு, காற்றுவழிப் படிவு. மூடுபனி, மேகம் தானே வந்து மரத்தில் மோதித் துளியாக ஒட்டும் மலைப் பகுதிகளுக்குப் பனிவழிப் படிவு. தகரத்தில் பனித்துளி இருந்தாலும் வாயு வந்தது காற்றுவழி, குழப்பமில்லை. கரையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து வாழ்கிறவர்கள். ‘கச்சான் காலத்தில் காற்றுவழிப் படிவு, வாடைக் காலத்தில் மழைவழிப் படிவு’ என்றால் கடலுக்குப் போகிறவர் உடனே தலையாட்டுவார்.

ஒரு துணைச்சொல்லும் தேவை. கடல்நீரில் சல்பேட் இயல்பாகவே உண்டு. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், உப்பு விளைவதற்கு முன்னால் ஜிப்சம் படியும். அது கால்சியம் சல்பேட். அலைத் தெறிப்பில் வரும் சல்பேட், கூடவே அமிலத்தைக் கொண்டு வராது. நம் கரையில் மழைநீரை அளந்து சல்பேட் இருக்கிறது என்று சொன்னால் போதாது, கடலின் பங்கைக் கழிக்க வேண்டும். ஒரு பங்கு சோடியத்துக்குக் கால் பங்கு சல்பேட் கடலுடையது; அதுபோக மிச்சம் புகையிலிருந்து வந்திருக்கலாம், கடல் நுண்பாசிகள் விடும் கந்தக ஆவியிலிருந்தும் வந்திருக்கலாம். இந்த மிச்சத்துக்கு ‘கடலுப்பு கழித்த சல்பேட்’ என்று வைத்திருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

கடைசியாக மேல்தலைப்பு. நான் முன்வைப்பது: அமிலமேற்று படிவு. மண் அமிலமாவதற்கு அமிலமேற்றம். பார்த்துச் சொல்லுங்கள்.

– உச்சிப்புளியிலிருந்து

*

டீச்சரம்மாவுக்கு,

முழுவதும் படித்தேன். மழைவழி, காற்றுவழி இரண்டும் நன்றாக இருக்கின்றன. இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அமில மழையை நீங்கள் பிடுங்கவில்லை என்பதும் புரிந்தது. முன்பு நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

‘அமிலமேற்று படிவு’ மட்டும் இடிக்கிறது. வினைத்தொகையாக எண்ணி வைத்திருக்கிறீர்கள், அதனால் நடுவே ‘ப்’ போடவில்லை, அது சரி. ஆனால் ‘ஏற்று’ என்பது ஒன்றை ஏற்றிவிடுவதற்கும் வரும், ஏற்றுக்கொள்வதற்கும் வரும். ‘விருந்தை ஏற்று மகிழ்ந்தான்’ என்கிறோமே. அமிலத்தை ஏற்றுக்கொண்ட படிவு என்று ஒருவர் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். அதுவும் நீங்கள் சொல்லும் அம்மோனியா, வானத்தில் அமிலத்தை ஏற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. இந்த ஒரு சொல்லில் மயக்கம் இருக்கவே கூடாதும்மா.

இன்னொன்று. நம் கரையில் மண் சுண்ணாம்பு மண், வீடு கட்டியதே ஒரு காலத்தில் பவளக்கல்லால். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிற கல். இந்த மண்ணை எளிதில் புளிக்க வைக்க முடியாது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நம் வயலெல்லாம் நாளைக்கே கெட்டுவிடும் என்று பயந்துவிடுவார்கள்.

– தொண்டி

*

டீச்சர், தொண்டி ஐயா சொல்வதுதான் எனக்கும் பட்டது. ‘அமிலமேற்றும் படிவு’ என்று ஒரு ‘ம்’ சேர்த்தால் தீர்ந்துவிடாதா? கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். என் மகளிடம் இரண்டையும் படிக்கக் கொடுத்தேன். ‘ஏற்றும்’ என்று இருந்தால் லாரியில் மூட்டை ஏற்றுவது போல யாரோ எதிலோ ஏற்றுகிறார்கள் என்று புரிகிறது என்றாள்.

கடல் புளிப்பதைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இங்கே இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

– கீழக்கரை

*

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

‘ஏற்று’ பற்றி ஐயா சொன்னதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்தப் பொருளை உடைத்துக் காட்ட இவ்வளவு எழுதினேனோ, அதையே சொல் தலைகீழாகச் சொல்லியிருக்கும். அக்காவின் மகள் சொன்னபடி ‘அமிலமேற்றும் படிவு’ என்றே வைத்துவிட்டேன். நீளம் பரவாயில்லை. அமிலமேற்றம் என்பதில் அந்த மயக்கம் இல்லை, அது அப்படியே இருக்கட்டும்.

நம் மண்ணின் சுண்ணாம்பைப் பற்றி ஐயா சொன்னது முக்கியம், சேர்த்துவிட்டேன். நம் மண் தாங்கும். தாங்குகிற நம் மண்ணிலிருந்தே அம்மோனியா அதிகம் பறக்கிறது என்பதையும் அதே பத்தியில் வைத்திருக்கிறேன். காற்று அதைக் கொண்டுபோய் இறக்கும் மலைக்காட்டு மண்ணுக்கு இந்தச் சுண்ணாம்பு கிடையாது.

கடலைப் பற்றி அக்கா கேட்டது: மன்னார் வளைகுடாவின் பவளத்துக்குப் புளிப்பால் வரும் என்று சொல்லும் ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருவது. கரியமில வாயு கடலில் கரைந்து அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. கடலின் பி.எச். ஏறக்குறைய 8.1, இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் காரப் பக்கம்தான். அதற்குக் ‘கடல் அமிலமாதல்’ என்ற பெயரே இருக்கட்டும். நம்முடைய சொல்லில் ‘ஏற்றும்’ இருக்கிறது, அதில் ‘ஆதல்’ இருக்கிறது. அந்த வேறுபாடே பிள்ளைகளுக்குப் பிடிமானமாக இருக்கும்.

கையேட்டில் போகும் பத்தி இது. பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்:

‘நம் ஊரில் மழை குறைவு. ஆனாலும் ஆலைப் புகையும் வண்டிப் புகையும் காற்றுவழியாக வந்து நம் கூரையிலும் இலையிலும் இறங்கும். யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் அம்மோனியா பறந்து போய் வேறோர் ஊரில் இறங்கும். இறங்கும்போது புளிக்காமல், இட்லி மாவு போல இறங்கிய பிறகு புளிப்பதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அமிலமேற்றும் படிவு என்று பெயர். மழையில் வருவதை மட்டும் அமில மழை என்கிறோம்.’

ஒரு சொல் இன்னும் மிச்சம். ஒரு நிலம் கெடாமல் ஆண்டுக்கு எவ்வளவு படிவைத் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. சுண்ணாம்பு மண்ணுக்கு அது அதிகம், மலைக்காட்டு மண்ணுக்குக் குறைவு. ‘தாங்களவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சாயல்குடி தம்பி, இதில் வடசொல் ஒன்றும் இல்லை. நீ பார்த்துச் சொல்.

– உச்சிப்புளியிலிருந்து